ஒளிராத கொடிக்கால்

இதில் எவ்வளவு நான் கண்ணால் கண்டது, எவ்வளவு பிறகு கேட்டுச் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. வெற்றிலைக் கொடிக்கால்கள் ஒளிராமல் இருந்த காலத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் அதை நினைக்க முயலும்போதெல்லாம் மனதில் எழுவது அகத்தி மரங்களுக்கு இடையே பச்சையாகக் கசியும் அந்த வெளிச்சம்தான்.

அந்த வெளிச்சம் வந்த பின் சோழவந்தான் மண்டியில் வெற்றிலையை யாரும் கிள்ளிப் பார்ப்பதில்லை. கவுளிக் கட்டைப் பிரித்து இலைகளை மேடையில் விரிப்பார்கள். மேலே ஒரு நீல விளக்கு எரியும். இலைகள் ஒளிர்ந்தால் அது கல்யாணத்துக்குப் போகும். மங்கலாகக் கிடந்தால் பீடாக்கடைக்கு.

இதற்கெல்லாம் காரணம் சிவரஞ்சனி. மதுரைப் பக்கம் ஒரு பயிர் ஆய்வு நிலையத்தில் இருந்தாள். நான் அவளுக்குக் கீழே வேலை பார்த்தேன். இலை வாங்கிக்கொள்ளும் வெளிச்சத்தில் ஒரு பங்குதான் உணவாகிறது. இன்னொரு பங்கு வெப்பமாகப் போய்விடும். மிச்சத்தில் கொஞ்சத்தை இலை ஆழ்ந்த சிவப்பாகத் திருப்பி உமிழ்கிறது. அந்தச் சிவப்பு நம் கண்ணுக்குப் புலப்படாது. வேர் அழுகினாலோ நோய் தாக்கினாலோ இலைக்குள் சமையல் நின்றுவிடும், உமிழும் வெளிச்சம் கூடிவிடும். சிவரஞ்சனி செய்த பூச்சு, அந்தச் சிவப்பின் இரண்டு துளிகளைச் சேர்த்துக் கண்ணுக்குத் தெரியும் ஒரு பச்சைத் துளியாக மாற்றியது. மிளிரி என்று அதற்குப் பெயர் வைத்தாள். கொடிகள் மேல் தெளித்துவிட்டால், அவை வாடுவதற்கு வெகு முன்பே மிளிரி நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒளிரும் கொடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டுக்கொண்டது.

முதலில் அப்படித்தான் செய்தார்கள். பிறகு யாரோ, பிடுங்கிய கொடியின் இலைகளைத் தூக்கி எறிய மனமில்லாமல் ஒரு கல்யாணத் தட்டில் வைத்துவிட்டார்கள். மண்டபத்தின் நீல விளக்கில் அந்தத் தட்டு குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கைப் போல நின்றது. அதற்குப் பிறகு ஒளிராத வெற்றிலையை எந்தச் சம்பந்தி வீடும் ஏற்கவில்லை. களைக்கொல்லியில் துளியூண்டு எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் நல்ல இலையும் சமையலை நிறுத்திவிட்டு ஒளிரும் என்பதை விவசாயிகளே கண்டுபிடித்தார்கள். அடைப்பு நீர் என்று அதைச் சொன்னார்கள்.

அதைவிட மோசமானது வேறொன்று. வெற்றிலைக்கு விதை கிடையாது. கொடியைத் துண்டாக நறுக்கித்தான் அடுத்த கொடிக்காலுக்கு நட வேண்டும். அந்த விதைக்கொடியை எல்லோரும் இருப்பதிலேயே அதிகம் ஒளிரும் கொடியிலிருந்து எடுத்தார்கள். இருப்பதிலேயே அதிகம் நோயுற்ற கொடி அது.

விவசாயிகள் கூட்டத்தில் சிவரஞ்சனி எழுந்து நின்று, "அது வெளிச்சமில்லைங்கய்யா, காய்ச்சல்" என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "காய்ச்சக்காரின்னாலும் லட்சணமா இருக்கால்ல தாயி, கட்டிக்கிற ஆளு இருக்கே" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் அவள் ஒன்று செய்தாள். நோயில்லாத கொடிகளாகத் தேடிப் பொறுக்கி, தன் அண்ணன் சரவணபாண்டியின் நிலத்தின் பின்பக்கம் ஒரு சிறிய கொடிக்கால் போட்டாள். ஊரில் மற்றதெல்லாம் அழிந்த பிறகு மறுபடி நடுவதற்கு அது வேண்டும் என்றாள். மிளிரி தெளித்து நீல விளக்கைக் காட்டினாலும் அது இருண்டே கிடந்தது. களை எடுக்க நானும் அவளும் மட்டும் போவோம். வாசலில் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும், வேரழுகல் சேற்றோடு வரும் நோய். வேறு யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. இருண்ட கொடிக்காலில் பார்க்க என்ன இருக்கிறது?

சரவணபாண்டியின் மகள் நிறைமதிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தட்டு மாற்றும்போது மாப்பிள்ளை வீட்டுத் தட்டு தகதகவென்று இருந்தது. பெண் வீட்டுத் தட்டில் சிவரஞ்சனி தன் கொடிக்கால் இலைகளை வைத்திருந்தாள். கருகருவென்று, கனமான இலைகள். மாப்பிள்ளையின் அம்மா பிரியதர்ஷினி தட்டை வாங்கி, விளக்குக்கு நேராக ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"வெத்தல இருண்டுகெடக்கே சம்பந்தி. கரண்ட் போயிருச்சா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், சரவணபாண்டியும் சிரித்தார். ஆனால் அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"நல்ல வெத்தலைங்க. மென்னு பாருங்க, தெரியும்" என்றாள் சிவரஞ்சனி.

"வெத்தலைய இப்ப யாரும்மா மெல்றா" என்றார் பிரியதர்ஷினி.

வீட்டுக்கு வந்ததும் சரவணபாண்டி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"ரஞ்சனி, கல்யாணத்துக்கும் இப்படிக் கொண்டாந்து வச்சிராத."

"வெளிய வாங்கிக்கங்கண்ணே. நான் வேணாங்கல."

"வெளிய வாங்குறதா? மிளிரி கண்டுபிடிச்சவ அண்ணன் வீட்ல, கடன் வாங்குன வெத்தலையா? எம் மூஞ்சியில எவன் முழிப்பான்? ஒரு வாட்டி அடைப்புத் தண்ணி அடி. செத்தா போயிரும்?"

செத்துப்போகாது. அது அவளுக்குத் தெரியும். அளவாக அடித்தால் இலை ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். கதவோரம் நின்றிருந்த நிறைமதி மெதுவாகக் கேட்டாள்.

"அத்த, ஒரே ஒரு நாளைக்குத்தான? அந்த வீட்ல நான்தான போய் இருக்கப்போறேன்."

சிவரஞ்சனி அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்றவை தவறாக இருக்கலாம், அது தவறாக இருக்காது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவளே தெளித்தாள். அளவை என்னிடம் இருமுறை சரிபார்க்கச் சொன்னாள். சற்று நேரத்தில் அகத்தி நிழலுக்குள் ஒவ்வொரு கொடியாக ஒளிரத் தொடங்கியது. நோயுற்ற கொடியில் பச்சையமே குறைவு. இவை பச்சையம் நிறைந்த கொடிகள். அவை உண்ணாமல் திருப்பித் தந்த வெளிச்சத்தைப் போல அந்த வட்டாரம் அதுவரை பார்த்ததில்லை. சிவரஞ்சனி என் பக்கம் திரும்பாமல், "அழகாத்தான் இருக்கு, இல்ல?" என்றாள்.

கல்யாணத்தில் பிரியதர்ஷினி தட்டை வாங்கியவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. விருந்துக்கு வந்திருந்த விவசாயிகள், "எந்தக் கொடிக்கால் மாமா?" என்று கேட்டபடி இருந்தார்கள். சரவணபாண்டி ஒவ்வொருவரிடமும் நின்று நிதானமாக வழி சொன்னார்.

மறுநாள் சிவரஞ்சனி மறுவீட்டு விருந்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கொடிக்கால் வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. தத்தம் வயலிலிருந்து நேராக வந்திருந்தார்கள். கால் கழுவும் தொட்டியில் தண்ணீர் கலங்காமல் நின்றது. வரப்பு முழுதும் சேற்றுத் தடங்கள். சிலர் மடியிலிருந்த கத்தியை எடுத்து ஆளுக்கொரு துண்டு விதைக்கொடி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சரவணபாண்டி அவளைக் கண்டதும் அருகில் வந்தார்.

"பாக்கத்தான வந்தாங்க. எட்டிப் பாக்காத பயலெல்லாம் இன்னைக்கு வந்திருக்கான் பாரு. வந்தவன வராதன்னு சொல்ல முடியுமா?"

எல்லோரும் போகும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

ஒரு வாரத்தில் இலைகள் தெளிந்து மறுபடி இருண்டன. பிறகு மழை பெய்தது. மழை விட்டதும் நீல விளக்கை எடுத்துக்கொண்டு போனோம். கிழக்கு வரிசையில், யாரும் எதுவும் தெளிக்காமலே, ஒரு கொடி தானாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்குப் பச்சையாக, திடமாகத்தான் இருந்தது. இன்னும் வாடத் தொடங்கவில்லை. மிளிரி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைப் பிசகில்லாமல் செய்திருந்தது. சிவரஞ்சனி அதைப் பிடுங்கினாள். அடுத்த வாரம் வரிசை முழுவதையும் பிடுங்கினோம். அதற்கடுத்த வாரம் பிடுங்குவதற்கு அவள் வரவில்லை.

சோழவந்தானில் இப்போது வெற்றிலை இல்லை. கொடிக்கால்கள் இருந்த இடத்தில் தென்னை நிற்கிறது. அன்று நறுக்கிக்கொண்டு போன துண்டுகளையும் நட்ட மாதத்திலேயே அடைப்பு நீர் தெளித்துத் தெளித்தே அழித்துவிட்டார்கள். தாம்பூலத் தட்டில் வைக்க, மிளிரியோடு சிவப்பு உமிழும் ஒரு சாயமும் பூசிய மெல்லிய தகட்டு இலைகள் வந்துவிட்டன. கழுவி அடுத்த கல்யாணத்துக்கு எடுத்து வைக்கலாம். சரவணபாண்டி தேங்காய் வியாபாரம் செய்கிறார், சர்க்கரை வியாதி. நிறைமதி திருப்பூரில் இருக்கிறாள், மாமியாருடன் ஒற்றுமையாகத்தான் இருக்கிறாள். பிரியதர்ஷினிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. சிவரஞ்சனி வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் தனியாக இருந்தாள், போன ஆடியில் இறந்துபோனாள். நான் அந்த நிலையத்திலேயே இருக்கிறேன். தகட்டு இலைகள் சீராக ஒளிர்கின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுப்பது என் வேலை.