முதல் ஆணியில் ஒரு சாவி

“அப்பா, நம்ம வண்டியில புகையே வராதா?”

மின்சாரக் கார் வீட்டுக்கு வந்த அன்று குட்டி இப்படிக் கேட்டான். ஆறு வயதுப் பிள்ளை, பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு. அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறவர். புகை கக்கிய பழைய வண்டியை அவனுக்காகத்தான் விற்றிருந்தார்.

“ஒரு பொட்டுகூட வராது ராஜா!”

அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த அத்தை, போனில் இதைக் கேட்டுச் சிரித்தாள். “அந்தப் புகையெல்லாம் இங்கதான் வருது தம்பி. வெள்ளைத் துணியைக் காயப்போட்டா சாம்பல் துணியா எடுக்கிறேன்.”

குட்டியின் அக்கா சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தையின் சிரிப்பில் இருமலும் கலந்திருந்தது.

கோடை வந்தது. அணை வற்றியது. பாதி நாள் மின்சாரம் இல்லை. குடியிருப்பில் சார்ஜ் ஏற்ற ஒரே ஓர் இடம்தான். சண்டை முற்றியதும் காவலாளி மீசை அண்ணன் சுவரில் வரிசையாக ஆணி அடித்தார். சாவிகளை முறைப்படி மாட்டவேண்டும். மின்சாரம் வந்ததும் முதல் ஆணிச் சாவியை எடுத்து, அந்த வண்டியைக் கொண்டுவந்து செருகுவார்.

“நான் ஆளைப் பார்க்கமாட்டேன். ஆணியைத்தான் பார்ப்பேன்” என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒரு மாலை, பக்கத்துக் கட்டிடத்தில் டீசல் ஜெனரேட்டர் உறுமியது. அங்கே கார்களுக்குச் சார்ஜ் ஏற்ற அதுதான் வழி. கரும்புகை நேராகச் சிட்டு வீட்டு ஜன்னலில் நுழைந்தது. குட்டியின் நெஞ்சு விசிலடித்தது. உதடு நீலமானது.

“வண்டியை எடுங்க!” அம்மா அலறினாள்.

“தெருமுனைகூடத் தாண்டாது!” அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “பழைய வண்டின்னா நாலு சொட்டு பெட்ரோல்ல போயிருக்கலாமே!”

மாடியிலிருந்து நர்ஸ் அக்கா ஓடிவந்தார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பவர். தன் சாவியை அப்பா கையில் திணித்தார்.

“புலம்பாதீங்க அண்ணே. என் வண்டியில கிளம்புங்க.”

“உன் வேலை?”

“எனக்குக் கால் இல்லையா?”

குட்டி பிழைத்தான். ஆஸ்பத்திரி வெகுதூரம், திரும்பி வந்தபோது அந்த வண்டியில் சார்ஜ் சுத்தமாக இல்லை. மறுநாளும் மின்சாரம் வரவில்லை. கொளுத்தும் வெயிலில் நர்ஸ் அக்கா நடந்தே போனார்.

“வலி ஊசிக்காகக் காத்திருந்த ஒரு அம்மா, அழுது அழுது ஓய்ஞ்சே போயிட்டாங்களாம்” என்றார் மீசை அண்ணன். நர்ஸ் அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“எங்க முறையை நீ எடுத்துக்கோம்மா” என்றார் அப்பா.

“நீங்க வண்டி ஓட்டலைன்னா வீட்டுல அடுப்பு எரியுமா? பேசாம இருங்க அண்ணே.”

அப்பா தலைகுனிந்தார். நர்ஸ் அக்கா சொன்னது உண்மைதானே.

அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு ஓட்டம் இல்லை. சிட்டுவுக்குக் கடலைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அவள் கடலையே பார்த்ததில்லை. சனிக்கிழமை அவர்கள் சாவி முதல் ஆணியில் தொங்கியது. நர்ஸ் அக்காவின் சாவி ஐந்தாவதில்.

அன்று மதியம் நர்ஸ் அக்கா செருப்பை இழுத்து இழுத்துப் படியேறினார். குதிகாலில் கட்டு. நோயாளிகளுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. நாளைக்கும் நடப்பார்.

சிட்டு அப்பாவிடம் போனாள்.

“அப்பா, கடலுக்கு இன்னொரு நாள் போலாமா?”

“ஏன் கண்ணு? ஒரு மாசமா என் உயிரை வாங்கினியே!”

“கடல் எங்க ஓடிப்போகப் போகுது?”

ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பா சிரித்தார். “சரி, சாவியை எடுத்துடறேன்.”

“இருங்கப்பா, நான் பார்த்துக்கறேன்.”

கீழே யாரும் இல்லை. மீசை அண்ணன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சிட்டு எக்கி நின்று, தங்கள் சாவியை ஐந்தாம் ஆணிக்கு மாற்றினாள். நர்ஸ் அக்காவின் சாவியை முதல் ஆணியில் மாட்டினாள். நடுவில் இருந்த மூன்றையும் தொடவில்லை. மற்றவர் முறை கெடக்கூடாது.

‘கடவுளே, இன்னிக்காவது மின்சாரம் வரட்டும்’ என்று வேண்டிக்கொண்டாள். விரலில் ஒட்டிய துருவைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படியேறினாள்.

இரண்டாவது மாடியை எட்டும்போது விளக்குகள் எரிந்தன. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. மின்சார வண்டிதானே, மீசை அண்ணன் அதை நகர்த்தினால் எங்கே கேட்கப் போகிறது?