அண்ணன் அவித்த கடலை

கடலை வேகும் வாசம் வந்தபோது சிவரஞ்சனிக்கு முதலில் பசிதான் எடுத்தது. அது தங்கள் அடுப்பிலிருந்தே வருகிறது என்பது பிறகுதான் உறைத்தது. அம்மா இருந்த காலந்தொட்டு இந்த வீட்டுக்குள் நிலக்கடலை நுழைந்ததில்லை. அண்ணன் வெள்ளையனுக்குப் பித்தம் என்பார்கள். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கே மலைக்கிராமமான தலைச்சோலையில் பனி இறங்கி, ஓட்டு விளிம்பில் சொட்டும் நீரையும் சில்வர் ஓக் இலைகளில் காற்று உரசுவதையும் தவிர வெளியே எதுவும் இல்லாமல் போயிருந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு அவளுக்கு அண்ணனின் எலும்பு மஜ்ஜையை ஏற்றி ஒரு வருஷம். அவனுடைய அணுக்களை அவள் உடம்புக்குள் அடக்கி வைத்திருந்த மாத்திரையைப் போன மாதம் நிறுத்தினார்கள். இனி எதையும் சாப்பிடலாம் என்றார்கள்.

வெள்ளையன் உள்ளே வந்தான். மூக்கை மூடித் துண்டு. இரண்டு கையையும் பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்திருந்தான். ஆவி பறக்கும் குண்டாவைத் தன் மேல் படாமல் எட்டப் பிடித்து வந்து கட்டிலோரம் வைத்துவிட்டுக் கதவுக்கே போய் நின்றான்.

"ஏனுங்ணா, பொணம் தூக்கப் போறாப்பல கட்டிக்கிட்டு?"

"பனி சேரல கண்ணு. தின்னு. நொம்ப நாளா ஆசப்பட்டியே."

உரித்துத் தின்றாள். உப்பு சரியாக இருந்தது.

"பொழச்சா மேட்டுக்காட்ட எழுதித் தர்றேன்னு ஆஸ்பத்திரியில சொன்னியே, சாமி."

"அது சாவுற பயத்துல சொன்னதுங்ணா. காப்பிச்செடி அத்தனையும் நா குழிவெட்டி வெச்சது. இப்பத்தான் பொழச்சுட்டனே!" சிரித்துக்கொண்டே இன்னும் நாலு பருப்பை வாயில் போட்டாள்.

"ஆமா. பொழச்சுட்ட." அவன் குரலில் கோபமே இல்லை.

நாக்கடியில் அரித்தது. அண்ணத்தில். காதுக்குள். உதடு தடித்துப் பல்லில் இடித்தது.

அவன் கையிலிருந்த பைகளைப் பார்த்தாள்.

நாலு வயதில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கடலை தின்று பூசணியாய் வீங்கிய அண்ணன் முகம். மூச்சில் விசில். அவனைத் தோளில் போட்டு நாகலூர் பஸ்ஸுக்கு ஓடும் அம்மா. 'வெளிய சொல்லீராதீங்க, எவன் பொண்ணு குடுப்பான்.'

மஜ்ஜை எடுக்குமுன் டாக்டரம்மா கேட்டார்: "ஒத்துக்காத சாப்பாடு ஏதாவது இருக்கா? மஜ்ஜையோட உங்க தங்கச்சிக்கும் அது போயிடலாம்."

"கல்லத் தின்னாலும் செரிக்குமுங்க" என்றான் அண்ணன். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அண்ணா... பஸ்ஸு... ஆஸ்பத்திரி..."

தலையணைக்கடியில் துழாவினாள். போன் இல்லை.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

ஊர்ந்து ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியில் அவள் முகம். வலது இமை மூடிக்கொண்டது. தொண்டையில் விசில்.

அந்தப் பக்கம், தொட்டியடியில், வெள்ளையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பைகள் காலடியில். சோப்புப் போட்டு விரல் விரலாகக் கழுவினான். முகர்ந்தான். மறுபடி கழுவினான். முழங்கை வரை.

நிமிர்ந்தான். துண்டு நழுவியது.

ஆவி பட்டு அவனுக்கும் அதே இமை வீங்கியிருந்தது. மற்றக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல், கழுவிக்கொண்டிருந்தான்.