பாலக்கரையில் இரண்டு கீபோர்டு

திங்கட்கிழமை காலை தேவதர்ஷினியின் ஸ்ரீரங்கம் கடைக்கு வந்த போன், கணினியைப் பற்றியது போலத்தான் ஆரம்பித்தது.

"ஆன் பண்ணா நீலத் திரை. தானா அணையுது, மறுபடி ஆன் ஆகுது, மறுபடி நீலம்," என்றார் பாலக்கரையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் அப்துல் மாலிக். பிறகு குரல் தாழ்ந்தது. "யார் செஞ்சதுன்னு உறுதியாகணும். ஒரு பிள்ளையை வேலையை விட்டு நிறுத்த வேண்டியிருக்கு."

தேவதர்ஷினி கணினி பழுது பார்ப்பவள். கூட்டாளி சின்னையன் அவளுடைய ஸ்கூட்டரை ஓட்டுவார், ஸ்க்ரூடிரைவரைத் தொலைப்பார், தவறான ஆளை முதலில் கண்டுபிடிப்பார். மூன்றிலும் நல்ல அனுபவம்.

சனிக்கிழமை இரவு மழையில் பொங்கிய சாக்கடைச் சேறு இன்னும் மாலிக்கின் கடை வாசலில் கிடந்தது. உள்ளே, அங்கே டைப் அடிக்கும் கமருன்னிசா, திறக்காத டிபன் பாக்ஸை அலமாரியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மேசைக்கடியில் பிளக்கைத் தேடி நுழைந்த சின்னையன், கால் வைக்கும் கட்டையில் கையூன்றி, உள்ளங்கை நிறையக் காய்ந்த சேற்றோடு வெளியே வந்தார்.

அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் கணினி திறந்தது.

"தமிழ் கீபோர்டு டிரைவர் ரெண்டு இருக்கு. பழசு டைப்ரைட்டர் முறை. புதுசு, இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ் வர்றது. ஆன் ஆகும்போதே ரெண்டும் ஒரே நாற்காலிக்கு அடிச்சுக்குது," என்றாள் தேவதர்ஷினி. "புதுசு ஏறினது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம்னு காட்டுது."

"பாங்கு சொன்னதும் பிளக்கைப் பிடுங்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன்," என்றார் மாலிக். "அப்படியே குடும்பத்தோட மருங்காபுரியில நிக்காஹ். சனி ராத்திரிதான் திரும்பினோம். நேத்து லீவு. வெள்ளிக்கிழமை இங்க இருந்தது கமரு மட்டும். போன வாரம் இந்தக் கீபோர்டு வேணும்னு கேட்டுச்சு, முடியாதுன்னேன். செஞ்சதைக்கூட விட்டுடலாம். பொய் சொல்லுது பாருங்க."

"சாப்பிட்டேன், பூட்டினேன், சாவியை உங்க வீட்டுல மாமிகிட்ட கொடுத்தேன். மெஷினைத் தொடலை பாய்."

சின்னையன் தொண்டையைச் செருமினார். "கேஸ் முடிஞ்சுதும்மா."

"இன்னைக்கு என்ன கிழமைண்ணே?"

"திங்கள்."

"திரை மூலையைப் பாருங்க."

வெள்ளிக்கிழமை, பிற்பகல்.

"உள்ள மாத்திரை மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது சாகக் கிடக்கு. பிளக்கைப் பிடுங்கினா கடிகாரமும் தூங்கிடும். தினமும் நெட் வந்து எழுப்பி நேரம் சொல்லும். நெட் இல்லாம எப்ப ஆன் பண்ணியிருந்தாலும், இதுக்கு அது ஜும்ஆ நேரம்தான்."

"அப்ப எப்ப ஏத்தினது?" என்றார் சின்னையன்.

"பதில் உங்க கையிலதான் இருக்குண்ணே, அந்தச் சேறு. வெள்ளிக்கிழமை தெரு காய்ஞ்சு கிடந்தது. சேத்துக் காலோட இங்க உட்கார்ந்தவங்க மழைக்கு அப்புறம் வந்தவங்க. அதாவது நேத்து. சாவி இருந்த வீட்டிலேர்ந்து."

மாலிக் அவசரமாகத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அப்போது அவர் மனைவி சாரா பீவி, விளிம்பெல்லாம் சேறு காய்ந்த செருப்போடு உள்ளே வந்தாள்.

"கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தாச்சு. சாக்கடைக்குத்தான். டைப் பண்ணித் தாங்கன்னு எத்தனை மாசமா கேட்டேன், நாளைக்கு நாளைக்குன்னீங்க. நம்ம பையன் பாசில் தோஹாவிலேர்ந்து அந்தக் கீபோர்டைப் போனுக்கு அனுப்பினான். கடையில நெட் வரலை, போன்லேர்ந்து வயரைச் சொருகி ஏத்தி நானே அடிச்சேன். நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க." எல்லார் முகத்தையும் பார்த்தாள். "ஏன், என்னாச்சு?"

சின்னையன் உள்ளங்கைச் சேற்றைத் தட்டிவிட்டார்.

"எந்தக் கீபோர்டை எடுக்கட்டும் பாய்?" என்றாள் தேவதர்ஷினி.

மாலிக் கமருன்னிசாவின் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழசை எடுத்துடுங்க."

"அப்புறம் நீங்க எதுல அடிப்பீங்க?"

"கமரு சொல்லித் தரும்," என்றவர், அவள் பக்கம் திரும்பி, "கோபம் தீர்ந்தா," என்றார்.

கமருன்னிசா பையைத் திறந்து, டிபன் பாக்ஸை எடுத்து, அலமாரியில் பழைய இடத்தில் வைத்தாள்.