பெடலில் ஒரு வேப்பங்கட்டை

காலை ஒன்பது மணிக்கு ரங்கநாயகியின் சூலூர்ப் பட்டறையில் வண்டிகள் வாக்குமூலம் சொல்லும். முந்தின நாள் ஓட்டியவர் எவ்வளவு மிதித்தார், எங்கே பிரேக் போட்டார் என்று ஒவ்வொரு வண்டியின் தெளிமூளைப் பெட்டியும் ஒப்பிக்கும். பெட்ரோலை அளந்து எஞ்சினுக்குள் தெளிப்பதுதான் அந்தப் பெட்டியின் பழைய வேலை. சாட்சிச் சட்டம் வந்தபின் அது சொல்வதுதான் கோர்ட்டில் செல்லும். மனிதர் பேச்சு செல்லாது. ரங்கநாயகி ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ என்று கட்டைவிரல் வைப்பாள். பொய் சொல்லி எந்திரத்துக்கு என்ன ஆகப்போகிறது என்பது அவள் கட்சி.

அன்று வாசலில் வந்து நின்றவன் அவள் தம்பி சென்னியப்பன். ஆறு வருடமாக அவள் பேச்சே வைத்துக்கொள்ளாதவன். வளைவில் முழுக்க மிதித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவனைச் சாகடித்தவன். பெட்டி அப்படித்தான் சொன்னது. அதற்காக நான்கு வருடம் சிறையிலும் இருந்துவிட்டான்.

“பந்தயத்துக்கு எஞ்சினை மாத்திக் கட்டியிருக்கேனுங்க்கா. இந்த ரெண்டு பெட்டியில எது தேவலைன்னு ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க.”

ஒன்று, சட்டம் ஒப்புக்கொண்ட சாட்சிப் பெட்டி. மற்றது ஊமைப் பெட்டி. பெட்ரோல் தெளிக்கும், வாய் திறக்காது. பந்தயத் திடலில் மட்டும் அதற்கு அனுமதி.

“ஊமைன்னா உனக்குத் தோதுதான்,” என்றாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? இவன் எதையோ மறைக்கத்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் தொழில் தொழில்தானே.

வண்டியை, நின்ற இடத்திலேயே ஓடவிட்டுத் திறனை அளக்கும் டைனோ உருளைகள் மேல் ஏற்றினாள். யார் காலையும் நம்பாதவள் அவள்; பெடல் பாதியில் அசையாமல் நிற்கும்படி வேப்பங்கட்டையால் முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிவிடுவாள். ஊமைப் பெட்டியில் எஞ்சின் இருமி இருமி ஓடியது. சாட்சிப் பெட்டியில் நெய்யாக வழுக்கியது. பன்னிரண்டு குதிரைத்திறன் கூடுதல்.

“இதுதான் தேவலை. எடுத்துட்டுக் கெளம்பு.”

“இன்னொருக்கா, ஆற விடாம ஓட்டுங்க்கா. அது நல்லாச் சூடாகோணும்.”

ஏன் சூடாக வேண்டும்? சந்தேகம் இன்னும் தடித்தது. அவனை எட்ட நிறுத்திவிட்டு, முன்போலவே பெடலுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்து இறங்கி, எஞ்சினை ஓடவிட்டாள். எட்டாவது நிமிடம் எஞ்சின் திடீரென்று அலறியது. பாய்ந்து போய் எட்டிப் பார்த்தாள். இருக்கை காலி. கட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. பெடல் பாதியில்தான் நின்றது. சாவியைத் திருகி அணைத்தாள்.

பெட்டி அமைதியாக ஒப்பித்தது: “ஓட்டுநர் பெடலை முழுமையாக மிதித்தார்.”

ரங்கநாயகி காலி இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அன்னைக்கு வண்டியில இருந்ததும் இதே மாடலாடா?”

“ஆமாங்க்கா.”

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“கோர்ட்டு வாசல்ல சொன்னேன். நீங்க காது குடுக்கல. உங்க கட்டைய நம்புவீங்கன்னுதான் வந்தேன்.”

திரை வழக்கம்போல் கேட்டது: இது உண்மையா? ரங்கநாயகி வாழ்க்கையில் முதல்முறையாக ‘இல்லை’யை அழுத்தினாள். ‘மனித மறுப்பு ஏற்கப்படாது’ என்றது திரை. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும். தம்பி வந்து அவள் கையைப் பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், இறந்தவனின் மனைவி என்ற முறையில், அந்த வாக்குமூலத்துக்கு ‘ஆம்’ வைத்ததும் இதே விரல்தான்.