ஆறாவது கட்டம்

நகலெடுத்து வைத்த கோப்பு, வைத்த இடத்தில் இல்லை.

அவள் மறுபடியும் தேடிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி ஒன்றரை. மருத்துவமனையின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத சர்வர் அறை. ஏசியின் விடாத இரைச்சலும், மாடிப்படி வழியாகக் கசிந்து இறங்கும் கிருமிநாசினி வாடையும், சூடேறிய பிளாஸ்டிக்கின் லேசான நெடியும் குளிரும் சேர்ந்து, வெளியே வெயில் கொளுத்துகிறது என்பதையே மறக்கடித்துவிட்டன. நாளைக் காலை எட்டு மணிக்குப் பழைய பதிவு முறையை நிறுத்திவிடுவார்கள். எந்தப் படுக்கையில் யார், என்ன ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதற்குப் பிறகு அவள் எழுதிய செயலியில்தான். அது ஓடாவிட்டால் மாடியில் இருக்கும் நர்ஸ்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்க வேண்டியதுதான். அந்த நர்ஸ்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார்.

திரையில் அதே சிவப்பு வரி: டேட்டாபேஸ் லைப்ரரி கிடைக்கவில்லை.

செயலியும் டேட்டாபேஸும் ஒன்றோடொன்று பேச அந்தச் சின்னக் கோப்பு வேண்டும். அது இல்லாத செயலி வெறும் வாயில்லாப் பூச்சி. புது சர்வரில் அது விடுபட்டுப் போவது அதிசயமில்லை. காப்பி ஆறுவதற்குள் சரிசெய்யக்கூடிய கோளாறு. அவளும் நிறுவினாள். நிறுவியாயிற்று என்றது. ஓட்டினாள். சிவப்பு. பாதை தவறோ என்று பார்த்தாள்; சரியாக இருந்தது. பதிப்பு பொருந்தவில்லையோ என்று பார்த்தாள், பொருந்தியது. கடைசியில் தன் லேப்டாப்பிலிருந்து கோப்பைக் கையாலேயே கொண்டுபோய் வைத்தாள். அதுதான் இப்போது இல்லை.

கைப்பேசி அடித்தது. நிர்வாக அதிகாரி.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இல்ல சார். லைப்ரரி காணோம்."

"லைப்ரரியா? நம்ம ஆஸ்பத்திரில லைப்ரரியே கெடையாதேம்மா."

"அது வேற லைப்ரரி சார். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன்."

"முடியலன்னா பழசையே ஓட்டிக்கலாம்னு பெரிய டாக்டர் சொல்றாரு."

"முடியும் சார்," என்று வெடுக்கென்று சொல்லி வைத்தாள். முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு உச்சந்தலை சூடேறிவிடும். விட்டுக்கொடுக்கிற நரம்பை உனக்கு மட்டும் வைக்க மறந்துட்டாங்க என்பார் அவள் கணவர்.

மறுபடியும் கோப்பை வைத்தாள். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. கோப்பு வந்தது. இருந்தது. இருந்தது. பிறகு இல்லை.

யார் அழித்தது என்று, சர்வரில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாகைத் திறந்து பார்த்தாள். அழித்தவர் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. பாஸ்வேர்டைக் காலையில் அவளே வைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை. கழுத்துக்குப் பின்னால் ஏசிக் காற்று மூச்சு மாதிரி வந்து போயிற்று. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். சுவர்.

சரி, செயலி எப்படித்தான் அழுகிறது பார்ப்போம் என்று லேப்டாப்பில் அதன் பக்கத்தைத் திறந்தாள்.

அழவில்லை. பட்டியல் வந்தது.

படுக்கை எண், வயது, ரத்த வகை, சேர்ந்த நாள், மருத்துவர். மூன்று வரிசைகள். அவள் இன்னும் எந்த விவரத்தையும் ஏற்றவில்லை, டேட்டாபேஸே காலி. காலியாக இல்லாவிட்டாலும், அதோடு பேசுவதற்கு லைப்ரரி இல்லை. பிறகு இந்த வரிசைகளை யார் சொல்கிறார்கள்?

அவள் வடிவமைத்தது ஐந்து கட்டங்கள். இங்கே ஆறு இருந்தன. ஆறாவதற்குத் தலைப்பு கிடையாது, வெறும் நேரம். ஆறாம் படுக்கைக்கு 2.10. பதினொன்றுக்கு 2.35. மூன்றாம் படுக்கைக்கு 3.05.

மணி 2.12.

நாத்தனாரை அழைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி. சாப்பிட்டீங்களா?"

"அது கெடக்கட்டும். ஆறாம் படுக்கைல யாரு?"

"இப்பத்தான் போனாரு அண்ணி. ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. அதுக்குள்ள உங்களுக்கு யாரு சொன்னா?"

"பதினொண்ணு?"

"ஒரு பெரியம்மா. நல்லா இருக்காங்க. தலகாணி சரியில்லன்னு இப்பத்தான் எங்கிட்ட சண்ட போட்டாங்க."

"டாக்டர அவங்க பக்கத்துலயே நிக்க வை. ஏன்னு கேக்காத."

மணி 2.35 ஆனபோது தலைக்கு மேலே செருப்புகள் ஓடின. ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு கூரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போயிற்று. யாரோ கத்தினார்கள். பிறகு எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. கைப்பேசியில் நாத்தனாரின் செய்தி: 'உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது அண்ணி?'

மூன்றாம் படுக்கை யார் என்று அவளுக்குத் தெரியும். மின்கம்பத்திலிருந்து விழுந்த எலக்ட்ரீஷியன். மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. அவர் மனைவி, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தாள்.

பயத்தின் அடியிலிருந்து, அவளுக்கு நன்றாகப் பழக்கப்பட்ட அந்தச் சூடு ஏறி வந்தது.

"இது நான் எழுதின பக்கம்," என்றாள் வெறும் அறையைப் பார்த்து. "இதுல எழுத ஒனக்கு யாரு அனுமதி குடுத்தா?"

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். சர்வரின் மின்சாரத்தையும் அணைத்தாள். உள்ளே விசிறிகள் தயங்கித் தயங்கி நின்றன. லேப்டாப் திரையில் பக்கம் அப்படியே இருந்தது. இருக்கத்தான் செய்யும், பழைய பக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

2.58. ஆறாவது கட்டத்தில் சொடுக்கினாள். கர்சர் துடித்தது. 3.05 என்பதை அழித்தாள்.

3 வந்தது. புள்ளி வந்தது. 0 வந்தது. 5 வந்தது. யாரோ நிதானமாகத் தட்டச்சு செய்வது போல.

அழித்தாள். வந்தது. அழித்தாள். இன்னும் வேகமாக வந்தது.

அழிக்கும் விசையை அழுத்தினாள். விரலை எடுக்கவில்லை. எண்கள் தலைகாட்டின. செத்தன. தலைகாட்டின. செத்தன. விரல் நகம் வெளுத்தது.

3.04.

3.05. மூச்சு விடவில்லை.

3.06.

கைப்பேசி அடித்தது. இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி! மூணாம் படுக்க கண்ணத் தொறந்துட்டாரு! அவர் சம்சாரம் அழுவுறாங்க, எனக்கும் அழுகையா வருது!"

அவளுக்கும் கண் நிறைந்தது. விரல் மட்டும் விசையிலேயே இருந்தது.

"ஆனா அண்ணி... அவரு ஏதோ சொல்றாரு. சொன்னதையே சொல்லிட்டிருக்காரு."

"என்னன்னு?"

"கீழ உக்காந்திருக்கிற பொம்பளய வெரல எடுக்கச் சொல்லுங்கறாரு."

ஏசி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அது அவரு கொரலா?"

நாத்தனார் அழுதாள். "தெரியல அண்ணி. அவர் வாய் அசையல."

"எடுக்க மாட்டேன்னு சொல்லு."

"அண்ணி..."

"சொல்லு!"

மேலே நாத்தனார் நடுங்கும் குரலில் அதைச் சொல்வது கேட்டது. பிறகு இணைப்பில் இரைச்சல்கூட இல்லை.

அப்போது அவள் விரலுக்கு அடியில் விசை அசைந்தது. கீழிருந்து மேலே. மெதுவாக. சதையாலான ஏதோ ஒன்று மறுபக்கத்திலிருந்து அழுத்துவது போல.

அவள் அழுத்தினாள். அதுவும் அழுத்தியது.

பக்கத்து விசை எழும்பியது. அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. கீபோர்டு முழுவதும், விரித்த ஒரு கையின் வடிவத்தில், அவளை நோக்கி உயர்ந்து வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றக் கையையும் அதன் மேல் வைத்து அழுத்தினாள்.