வாய் தவறிய யோஷி

சுத்தியல் பட்டதும் சுவர் மழுங்கலாகத் 'தொப்' என்றது. சோதிக்க வந்த அதிகாரி கயோகோவுக்கு அது பிடிக்கவில்லை. நிலநடுக்கத்தில் இந்த மலைச் சுரங்கப்பாதையின் கான்கிரீட்டுக்குப் பின்னால் உண்டான வெற்றிடங்களையெல்லாம் போன மாதமே சாந்து செலுத்தி அடைத்தாயிற்று என்று காகிதம் சொல்கிறது. அடைத்த சுவர் கணீரென்று ஒலிக்க வேண்டும். பின்னால் வெற்றிடம் இருந்தால் அடுத்த குலுக்கலில் பாறை நேரே கூரைமேல் விழும். இன்று மாலை பாதை திறந்ததும் முதலில் வரப்போவது பள்ளிப் பேருந்து.

ஈரச் சிமெண்டு வாசமும், எங்கோ சொட்டும் நீரும், விளக்குகளின் ஓயாத முனகலும் சேர்ந்து மண்டையைக் குடைய, அவள் மறுபடி மூன்று முறை தட்டினாள்.

உள்ளேயிருந்து மூன்று தட்டல்.

பதினெட்டு வருடப் பழக்கம் பயத்தைவிட வேகமானது. பார்த்து முடித்த இடத்தை விரல் நீட்டிக் காட்டி, எல்லாம் சரி என்பதற்கு உரக்கச் சொல்லும் அந்தப் பாழாய்ப்போன சொல் தானாக வந்துவிட்டது.

"யோஷி!"

தட்டல் நின்றது. அனுமதி கிடைத்துவிட்டது போல.

"அப்பாடா! வாயால சொல்லிட்டீங்க, கையெழுத்தையும் போட்டுடுங்க," என்று ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஓனோதெரா படிவத்தை நீட்டினார்.

"வாய் தவறி வந்துடுச்சு, ஓனோதெரா சான். உள்ளே எதுவோ இருக்கு. போட மாட்டேன்."

"எதிரொலிக்குப் பயந்தா வீட்ல உக்காந்து முள்ளங்கி நறுக்க வேண்டியதுதானே?"

"நறுக்கிட்டுப் போறேன். ஆனா பேருந்து இதுக்குள்ள வராது."

படிவத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? ஏன் அப்படி முறைக்கிறீங்க?"

அவருடைய இடது தோளைக் காணவில்லை.

சுவருக்குள் இருந்தது. விரிசல் இல்லை. சத்தம் இல்லை. காது உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்.

கயோகோ பாய்ந்து அவர் வலக்கையைப் பற்றினாள்.

"விட மாட்டேன்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "கேக்குதா? நான் சொன்ன யோஷி செல்லாது!"

முகம் போனது. பாதிச் சொல்லோடு வாய் போனது. மணிக்கட்டுக்கு மேல் வழவழப்பான கான்கிரீட். வெளியே கை மட்டும். சூடாக. அது அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தது.

ஒரு காலைச் சுவரில் ஊன்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். ஊன்றிய கால் கணுக்கால்வரை உள்ளே போயிருந்தது.

அவள் விடவில்லை.