நெய்ச்சோறு வெந்த நேரம்!

ட்ரிங்... ட்ரிங்...!

1964. ஆனி மாதச் சாரல் பகல். மேலகரத்தில் ஓவர்சியர் கிதிர் முகம்மது வீடு. குற்றாலத்தில் சீசன் என்றால் இவர் வீட்டில் பந்தி; மனைவி ஹாஜரா பீவிதான் சமையல்! வடகரையிலிருந்து பதினேழு சொந்தக்காரர்கள் கேட்காமலே வந்து இறங்கியிருந்தார்கள்.

பதினெட்டாவது ஆள் ஓவர்சியரின் நண்பர், சப்-இன்ஸ்பெக்டர் அய்யாக்குட்டி. மூன்றாம் முறை நெய்ச்சோறு கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர், அதே கையோடு ரிசீவரை எடுத்தார்.

எதிர்முனையில் சாக்கடை இறைக்கும் நிலையத்து பிட்டர் ஞானதுரை அலறினான்.

"அய்யா... பம்பு பாக்க எறங்குன ஓவர்சியர் கால் குழாய்க்கடியில மாட்டிக்கிச்சு! எஞ்சின் நின்னுபோச்சு... குழியில தண்ணி ஏறுது!"

கை கழுவாமல் ஓடினார். விருந்தாளிகள் நாலு பேர் பின்னாலேயே ஓடினார்கள்.

குற்றாலத்துச் சத்திரங்களின் சாக்கடை முழுக்க அந்த நிலையத்துக்குத்தான் வரும். மூடிய தொட்டியில் அது புளித்து கேஸ் கிளம்பும். கேஸில் எஞ்சின் ஓடும். எஞ்சின் பம்பை ஓட்டி அதே சாக்கடையை இறைக்கும். கரண்ட் கிடையாது. கேஸ் இல்லையென்றால் எதுவுமே கிடையாது!

குழிக்குள் ஓவர்சியருக்கு மார்பளவு தண்ணீர்.

ஞானதுரை எஞ்சின் கைப்பிடியைச் சுற்றினான். 'டுப்' என்று இருமி அடங்கியது. நாலு பேரும் கயிறு போட்டு இழுத்தார்கள். கால் வரவில்லை.

"ஹாஜராகிட்ட... அடுப்ப அமத்தச் சொல்லுங்கவே!" ஓவர்சியர் கத்தினார்.

"சோறு தீஞ்சா தீயட்டும்வே! கால உருவும்!" என்றார் அய்யாக்குட்டி.

"அடுப்பு... அய்யாக்குட்டி... அடுப்பு...!"

தண்ணீர் வாயை மூடியது.

ஐந்தடி தூரத்தில் நண்பன் சாவதை நின்று பார்க்கத்தான் முடிந்தது. அய்யாக்குட்டி வாய்விட்டு அழுதார்.

அப்புறம் தொட்டியின் இரும்பு மூடியைப் பார்த்தார். கேஸ் நிறைந்தால் அது மேலே ஏறும். தீர்ந்தால் இறங்கும். இப்போது அடிமட்டத்தில் கிடந்தது!

"காலையில எப்படிலே இருந்துச்சு?"

"ஆள் உசரம் நின்னுச்சுய்யா!"

"அம்புட்டு கேஸும் எங்கன போச்சு? நீதானே தொறந்து விட்டே... கொலைகாரப் பயலே!"

"சத்தியமா இல்லய்யா..." ஞானதுரை கும்பிட்டான்.

அவன் சட்டையைப் பிடித்தபடியே தொட்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம்... ஒரு மெல்லிய குழாய்! புதிதாக மூடிய பள்ளத்துக்குள் அது போயிற்று. இருவரும் அந்தப் பள்ளத்தின் மேலேயே நடந்தார்கள்.

வாழைத் தோட்டம்... வேலி... கடைசியில் ஹாஜரா பீவியின் சமையலறை!

மூன்று அடுப்பு. மூன்று பெரிய அண்டா. விறகு இல்லை. அடியில் அணையப் போகும் துளி நீலத் தீ.

"இது என்ன மதினி?"

"போன மாசம் அவுகதான் ரகசியமா வச்சாக அண்ணே. சீசன் கூட்டத்துக்கு விறகு கட்டாதுல்லா? சாக்கடைன்னு தெரிஞ்சா ஒருத்தரும் கை நனைக்க மாட்டாகன்னு யாருக்கும் சொல்லல. ரெண்டு அண்டா காலி. நீங்க இன்னும் கேட்டீகன்னுதான் மூணாவத ஏத்துனேன்... அவுக எங்க அண்ணே? இன்னும் ஒரு வாய் சாப்பிடலியே!"

அய்யாக்குட்டி காலி அண்டாக்களை எட்டிப் பார்த்தார். ஞானதுரையின் சட்டையிலிருந்த பிடி தானாக நழுவியது.

"கொலைகாரன் கெடச்சானாய்யா?" ஞானதுரை மெல்லக் கேட்டான்.

நெய் காயாத தன் வலது கையைப் பார்த்தார்.

"பதினெட்டு பேர்லே! ஸ்டேஷன்ல விலங்கு ஒண்ணுதான் இருக்கு... மொதல்ல இந்தக் கையில மாட்டு!"